மடக்குக் கத்தியைப் பரிசளிக்கலாமா?

ராஜா அண்ணாமலைபுரத்து வீடு ஒன்றில், பணி ஓய்வு பெறுபவருக்கோ வெளிநாடு போகும் பேரனுக்கோ என்ன கொடுப்பது என்று பேச்சு எழுந்தால் கைக்கடிகாரம், பேனா, வெள்ளிச் சாமான் என்று யோசனைகள் வரிசையாக வரும். நல்ல மடக்குக் கத்தி ஒன்று கொடுக்கலாமே என்று யாரும் சொல்வதில்லை. சொன்னாலும் வீட்டுப் பெரியவர் ஒருவர் உடனே தடுத்துவிடுவார். விலையைப் பார்த்தாலும், உழைக்கும் காலத்தைப் பார்த்தாலும், அன்றாடம் கைக்கு உதவும் விதத்தைப் பார்த்தாலும் நல்ல பேனாக்கத்திக்கு ஈடான பரிசு குறைவு. ஆனாலும் தயக்கம் இருக்கிறது. உறவு அறுந்துவிடும் என்பது ஒரு பயம். போலீஸ் தொல்லை வரும் என்பது இன்னொன்று. இவை இரண்டையும் தாண்டி வந்தவருக்கு எதை நம்பி வாங்குவது என்று தெரிவதில்லை. என் தரப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: கொடுக்கலாம், தாராளமாகக் கொடுக்கலாம். எந்தக் கத்தி, யாருக்கு என்பதில்தான் கண்டிப்பு வேண்டும்.

கூர்மையான பொருளைக் கைக்குக் கை கொடுக்கக் கூடாது என்ற வழக்கம் நம் வீடுகளில் இன்றும் இருக்கிறது. கத்தியோ பாக்குவெட்டியோ ஊசியோ, கீழே வைக்க வேண்டும். கேட்டவர் எடுத்துக்கொள்ள வேண்டும். கைக்குக் கை கொடுத்தால் இருவருக்கும் சண்டை வரும் என்பார்கள். விளக்கு வைத்த பிறகு ஊசி தர மாட்டார்கள். இரும்பு சனி பகவானுக்கு உரியது என்பதால் சனிக்கிழமை இரும்புச் சாமான் வாங்க மாட்டார்கள். முதல் வழக்கத்தில் நல்ல புத்தி இருக்கிறது. கத்தி கைமாறும் நொடியில்தான் விரல் அறுபடும். ஆனால் இந்த வழக்கங்களை வைத்துக்கொண்டு கத்தியே அமங்கலம் என்று முடிவு கட்டுவது தவறு. பூப்பெய்திய பெண்ணின் அருகிலும் பிள்ளை பெற்றவளின் அருகிலும் காவலாக இரும்பை வைத்தவர்கள் நாம்தான். ஆயுத பூஜையன்று கத்திக்கும் அரிவாள்மனைக்கும் சந்தனம் குங்குமம் இடுகிறோம்.

சீர்வரிசையை எடுத்துக்கொள்ளுங்கள். ராஜா அண்ணாமலைபுரத்துக்குப் பெயர் தந்த ராஜா சர் அண்ணாமலை செட்டியார் 1929இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தை நிறுவியவர். அடையாற்றுக் கழிமுகத்தை ஒட்டி நிற்கும் செட்டிநாடு அரண்மனை அவர் பெயரோடு சேர்ந்தது. அவர் பிறந்த நகரத்தார் சமூகத்தில் பெண்ணுக்குக் கொடுத்தனுப்பும் சாமான்களின் பட்டியல் பெயர்பெற்றது. அரிவாள்மனையும் பாக்குவெட்டியும் இல்லாமல் ஒரு குடித்தனம் தொடங்கியதாக எந்தச் சமூகத்திலும் கேள்விப்பட்டதில்லை. வெட்டும் பொருளைக் கொடுத்தால் உறவு வெட்டுப்படும் என்பது உண்மையானால், தமிழ்நாட்டில் ஒரு கல்யாணமும் நிலைத்திருக்காது. பாக்குவெட்டியே ஆணியில் திரும்பும் இரண்டு கைப்பிடிகளும் ஒரு அலகும் கொண்ட கருவிதான். விருந்தாளிக்கு முன்னால் வெற்றிலைத் தட்டோடு அதை வைப்பது மரியாதையாகத்தான் இருந்தது.

இதே பயம் ஐரோப்பாவிலும் உண்டு. அங்கே பரிகாரமும் கண்டுபிடித்திருக்கிறார்கள்: கத்தியைப் பெற்றவர் கொடுத்தவருக்கு ஒரு சிறு காசைத் திருப்பித் தருவார். கத்தி விலைக்கு வாங்கியதாகிவிடும், நட்பு பிழைக்கும். இங்கிலாந்திலும் பிரான்சிலும் இத்தாலியிலும் இப்படிச் செய்கிறார்கள். நம் வீடுகளில் கைக்குட்டை பரிசாக வந்தால் பிரிவு வரும் என்று ஒரு ரூபாய் கொடுத்து வாங்கிக்கொள்வதில்லையா, அதே ஏற்பாடுதான். பின்லாந்தில் இந்தப் பயமே கிடையாது. அங்கே புக்கோ என்ற உறைக் கத்தியைக் கொடுப்பது, உன்னை நம்புகிறேன் என்று சொல்வதற்கு ஒப்பு. நமக்குப் பக்கத்தில் இலங்கையில், கண்டி அரசர்கள் தங்கள் பட்டறைகளில் வெள்ளி வேலைப்பாட்டோடு செய்வித்த பிஹா கெட்டா என்ற கத்திகளை அதிகாரிகளுக்கு அளித்தார்கள். அவற்றில் பலவற்றின் உறைக்குள் கத்தியோடு ஓர் எழுத்தாணியும் செருகப்பட்டிருக்கும்.

எழுத்தாணி என்றதும் நம் சொந்தக் கதைக்கு வந்துவிட்டோம். இந்தக் கேள்வியைப் பற்றிப் பேசும் பலரும் மடக்குக் கத்தியை வெள்ளைக்காரன் கொண்டுவந்த பொருளாகவே நினைக்கிறார்கள். உ.வே. சாமிநாதையர் தம் இளமைக் காலத்துக் கல்வியைப் பற்றி எழுதும்போது எழுத்தாணி வகைகளைச் சொல்கிறார்: குண்டெழுத்தாணி, வாரெழுத்தாணி, மடக்கெழுத்தாணி. மடக்கெழுத்தாணியில் ஒரு பக்கம் எழுத்தாணி, மறுபக்கம் கத்தி. இரண்டும் பிடிக்குள் மடங்கிவிடும். பிடியை மரத்தாலோ தந்தத்தாலோ மாட்டுக் கொம்பாலோ செய்வார்கள். கத்தி எதற்கு? பனையோலை அப்படியே ஏடாகிவிடாது. நரம்பை எடுத்து, ஓரத்தை வாரி, எல்லா ஏடும் ஒரே அளவாக நறுக்க வேண்டும். எழுதுகிற இடத்திலேயே அந்த வேலைக்குக் கூர்மையான சின்ன அலகு தேவைப்பட்டது. கூர் முனையும் கூர் அலகும் கொண்ட பொருளை இடுப்பில் செருகிக்கொண்டு நடந்தால் உடம்பைக் கிழிக்கும், அதனால் மடக்கினார்கள். மடக்குக் கத்தி உலகத்தில் எங்கே பிறந்திருந்தாலும் காரணம் இதுதான்: கூர்மையை உடம்போடு வைத்துக்கொண்டு நடக்க வேண்டிய தேவை.

இதன் பொருள் சிறியதல்ல. தமிழ்நாட்டில் மடக்குக் கத்தியைக் கையில் வைத்திருந்தவன் அடியாள் இல்லை, படித்தவன். மாணவன், கணக்குப்பிள்ளை, ஓலை எழுதுபவன், புலவன் ஆகியோரின் கருவி அது. நகரத்தார் திருமணத்தில் எழுதும் இசைகுடிமானம் என்ற பத்திரம்கூட முன்னாளில் ஓலையில்தான் எழுதப்பட்டது. அந்த ஓலையையும் யாரோ ஒருவர் கத்தியால் வாரியிருப்பார். அடையாற்றுப் பாலத்தைத் தாண்டினால், 1943இல் தொடங்கிய டாக்டர் உ.வே.சா. நூல்நிலையம் பெசன்ட் நகரில் இருக்கிறது. அங்கே காக்கப்படும் ஏடுகளின் நேரான ஓரங்களைப் பார்க்கும்போது எழுதிய கையை மட்டுமல்ல, நறுக்கிய கையையும் நினைத்துக்கொள்ள வேண்டும் என்று எனக்குத் தோன்றும். அந்தக் கத்தியை நாம் மறந்துவிட்டோம். அச்சும் காகிதமும் வந்ததும் எழுத்தாணி போயிற்று. அதனோடு மடிந்திருந்த அலகும் போயிற்று.

உருக்கின் கதை இன்னும் கொஞ்சம் வியப்பு. 1795இல் ஜார்ஜ் பியர்சன் என்பவர் லண்டன் ராயல் சொசைட்டியில் இந்திய உருக்கைப் பற்றி ஒரு கட்டுரை வாசித்தார். 'வூட்ஸ்' என்று அவர்கள் அழைத்த அந்த உருக்குக் கட்டிகள் பம்பாய் வழியாகப் போனவை. மூசையில் இரும்பையும் கரிப்பொருளையும் அடைத்து உருக்கும் அந்த முறை தென்னிந்தியாவில் மிகப் பழையது. கொங்கு நாட்டுக் கொடுமணல் அகழாய்வில் இரும்பும் உருக்கும் செய்த உலைகள் வெளிப்பட்டிருக்கின்றன. பியர்சனின் ஆய்வுக்காக ஜேம்ஸ் ஸ்டோடார்ட் என்ற லண்டன் கத்தி வினைஞர் அந்த உருக்கில் ஒரு பேனாக்கத்தி அடித்துப் பார்த்தார். அது இங்கிலாந்தின் மிகச் சிறந்த உருக்குக் கத்திக்கு ஈடாக வெட்டியது. பிற்பாடு இதே ஸ்டோடார்ட் மைக்கேல் ஃபாரடேயோடு சேர்ந்து உருக்குக் கலவைகளை ஆராய்ந்தார்.

அடுத்த காட்சி நம் கடற்கரையில் நடந்தது. கிழக்கிந்தியக் கம்பெனியின் சென்னை உத்தியோகஸ்தராக இருந்த ஜோசையா மார்ஷல் ஹீத் வேலையை விட்டுவிட்டு 1830இல் பரங்கிப்பேட்டையில் இரும்பாலை தொடங்கினார். அங்கே உருக்கிய இரும்பு ஷெஃபீல்டுக்குக் கப்பலேறியது. ஆலை லாபம் தரவில்லை. ஆனால் ஹீத் ஷெஃபீல்டுக்கே போய், மூசை உருக்கில் மாங்கனீசு சேர்க்கும் முறைக்கு 1839இல் காப்புரிமை பெற்றார். அதனால் விலை மலிந்த இரும்பிலிருந்தும் நல்ல கத்தி உருக்கு கிடைத்தது. ஷெஃபீல்டு முதலாளிகள் அந்த முறையைச் சிறிது மாற்றிக் கையாண்டு, காப்புரிமைப் பணம் தராமல் தட்டிக்கழித்தார்கள். ஹீத் வருடக்கணக்காக வழக்காடினார். பத்தொன்பதாம் நூற்றாண்டில் இந்தியா முழுதும் விற்ற ஷெஃபீல்டு பேனாக்கத்திகளுக்குப் பின்னால் பரங்கிப்பேட்டையின் புகையும் கொஞ்சம் இருந்தது. மடக்குக் கத்தியை அந்நியப் பொருள் என்று சொல்பவர்களுக்கு இந்த ஒரு கதை போதும்.

உலகம் இன்று 'கிளாசிக்' என்று போற்றும் கத்திகள் பெரும்பாலும் அந்த நூற்றாண்டின் கடைசிப் பத்தாண்டில் பிறந்தவை. 1884இல் சுவிட்சர்லாந்தின் இபாக் ஊரில் கார்ல் எல்சனர் பட்டறை தொடங்கினார். 1891இல் சுவிஸ் ராணுவத்துக்கு முதல் கத்திகளைக் கொடுத்தார். புதிய துப்பாக்கியைக் கழற்ற ஒரு திருப்புளி வேண்டும், தகரடப்பாவைத் திறக்க ஒரு கருவி வேண்டும் என்பதே ராணுவத்தின் தேவை. தக்கைத் திருகு சேர்ந்த அதிகாரிகள் கத்தி 1897இல் பதிவானது. 1909இல் தாய் விக்டோரியா இறந்ததும் அவர் பெயரையே எல்சனர் தம் கத்திகளுக்கு வைத்தார். 1921இல் துருப்பிடிக்காத உருக்கைக் குறிக்கும் 'இனாக்ஸ்' சேர்ந்து விக்டோரினாக்ஸ் ஆயிற்று. பிரான்சின் சவோய் மலைப்பகுதியில் 1890இல் ஜோசப் ஒப்பினெல் செய்த கத்தி இதற்கு நேரெதிர்: ஒரே அலகு, மரப்பிடி, 1955இல் சேர்ந்த ஒரு சுழல் வளையம். வளையத்தைத் திருப்பினால் அலகு மடங்காது. குடியானவர்கள் ரொட்டியும் பாலாடைக்கட்டியும் நறுக்கிய கத்தி அது. ஜப்பானின் மிகி நகரத்து ஹிகோனோகாமி இன்னும் எளிமை: மடித்த பித்தளைத் தகடே பிடி, அலகின் பின்னால் நீட்டிய ஒரு நெம்புகோல். பள்ளிப் பிள்ளைகள் அதைக்கொண்டு பென்சில் சீவினார்கள். 1960இல் அரசியல் தலைவர் ஒருவரைப் பதினேழு வயதுப் பையன் மேடையிலேயே குத்திக் கொன்ற பிறகு, பிள்ளைகள் கையில் கத்தி கூடாது என்ற இயக்கம் கிளம்பியது. குத்தியது குறுவாள், தண்டனை பென்சில் கத்திக்கு. செழித்திருந்த ஒரு தொழில் சுருங்கி, இன்று அந்தப் பெயரைப் பொறிக்கும் உரிமை ஒரே பட்டறைக்குத்தான் இருக்கிறது.

நம் நாட்டில் இந்தக் கெட்ட பெயர் ராம்பூர் வழியாக வந்தது. உத்தரப் பிரதேசத்து ராம்பூரின் கத்தி நவாபுகள் காலத்துக் கைத்தொழில். நீண்ட அலகு, பொத்தானை அழுத்தினால் விடுபடும் பூட்டு, திறக்கும்போது எழும் கடகடச் சத்தம். இந்தி சினிமா அந்தச் சத்தத்தைப் பிடித்துக்கொண்டது. தமிழ் சினிமாவிலும் வில்லன் கையில் 'பட்டன் கத்தி' மின்னியது. நாலரை அங்குலத்துக்கு மேற்பட்ட அலகுக்கு மாநில அரசு தடை போட்டதும் ராம்பூர்த் தொழிலாளிகள் பலர் வேறு வேலைக்குப் போனார்கள். 2023இல் அந்த நகரமே ஒரு நாற்சந்தியில் இருபது அடி நீளக் கத்தி ஒன்றை நிறுவித் தன் தொழிலுக்குக் கௌரவம் செய்தது. பழிக்கப்பட்ட கைத்தொழிலுக்கு மீண்டும் மதிப்புத் தேடும் அந்த முயற்சியை நான் வரவேற்கிறேன். ஆனாலும் அந்த வகைக் கத்தியைப் பரிசாகக் கொடுக்கச் சொல்ல மாட்டேன்.

சட்டத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டமும் 2016இன் விதிகளும் 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள அலகு கொண்ட கத்திகளை ஆயுத வகையில் சேர்க்கின்றன. வீடு, விவசாயம், அறிவியல், தொழில் ஆகியவற்றுக்காகச் செய்தவை விலக்கு. டெல்லியில் 1980இல் வந்த அறிவிப்பு பொத்தான் கத்திகளைத் தனியே குறிவைத்தது, அங்கே 7.62 சென்டிமீட்டர் நீளமே எல்லை. பழம் நறுக்கும் 6 சென்டிமீட்டர் பேனாக்கத்தி இந்த வரம்புகளுக்கு எட்டாத தூரத்தில் இருக்கிறது. இருந்தாலும் எந்தக் கத்தியானாலும் காயப்படுத்தினால் குற்றம்தான். பேரணிக்கும் கல்லூரிக்கும் அரசு அலுவலகத்துக்கும் எடுத்துப் போகாமல் இருப்பது நல்லது. பொத்தான் அழுத்தினால் பாயும் கத்தியை வாங்கவே வேண்டாம். அதனால் ஆகும் வேலை எதுவும் சாதாரணக் கத்தியால் ஆகாத வேலை அல்ல.

சரி, எதை வாங்குவது? பிறருக்குக் கொடுக்க நான் தேர்ந்தெடுப்பது பூட்டில்லாத, வில் மட்டும் உள்ள கத்தி. பிடியின் முதுகில் ஒரு பட்டை வில் இருக்கும். அது அலகின் அடிக்கட்டையை அழுத்திப் பிடிக்கும். திறக்கும்போதும் மூடும்போதும் அலகு தன் இடத்தில் 'டக்' என்று உட்கார வேண்டும். திறந்த அலகைப் பக்கவாட்டில் அசைத்துப் பாருங்கள், ஆடக் கூடாது. வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் வில்லுக்கும் பிடித் தகட்டுக்கும் இடையில் ஒளிக்கீற்று தெரியக் கூடாது. மூடியபின் நுனி பிடிக்கு வெளியே நீட்டக் கூடாது. அலகின் அடியில் செய்தவர் பெயர் தெளிவாகப் பொறித்திருக்க வேண்டும். சிவப்புப் பிடியும் சிலுவைச் சின்னமும் போட்ட போலிகள் நடைபாதைகளில் நிறைய விற்கின்றன. அவற்றின் அலகு ஒரு மாம்பழத்தோடு மழுங்கிவிடும். அலகு நீளம் 6 முதல் 8 சென்டிமீட்டர் போதும். இருபது கருவிகள் சேர்ந்த தடித்த கத்தியைப் பார்த்து மயங்க வேண்டாம். சட்டைப்பையில் பாரமாகத் தொங்கும் கத்தி சீக்கிரமே மேசை இழுப்பறைக்குள் போய்ச் சேரும்.

உருக்கைப் பொறுத்தவரை நம் பகுதிக்கென்று ஒரு விதி உண்டு. பட்டினப்பாக்கம் கடல் கூப்பிடு தூரத்தில் இருக்கிறது. எம்.ஆர்.சி. நகரின் ஜன்னல் கம்பிகளும் ஏ.சி. பெட்டிகளும் உப்புக்காற்றில் எப்படி அரிக்கின்றன என்பது இங்கே குடியிருப்பவர்களுக்குத் தெரியும். கார்பன் உருக்கு நன்றாகத் தீட்டுப்படும், கூர் இனிமையாக ஏறும். ஆனால் மாங்காயின் புளிப்பில் ஒரே நாளில் கறுக்கும், மழைக்காலத்தில் துரு பூக்கும். தினமும் துடைத்து எண்ணெய் போடும் பழக்கம் உள்ளவருக்கு மட்டும் அதைக் கொடுங்கள். மற்றவர்களுக்குத் துருப்பிடிக்காத உருக்கே சரி. ஒப்பினெல் இரண்டிலும் வருகிறது. எண்ணெய் என்றதும் தேங்காயெண்ணெய்ப் பாட்டிலை எடுக்காதீர்கள். அது நாளடைவில் பிசுபிசுத்து ஆணிமூட்டை இறுக்கிவிடும். தையல் மிஷின் எண்ணெய் ஒரு சொட்டு போதும்.

வாங்கும் இடம் பெரிய சிக்கல் இல்லை. மயிலாப்பூர் மாடவீதிகளின் பாத்திரக் கடைகளில் சமையல் கத்தி கிடைக்கும், மடக்குக் கத்தி அபூர்வம். பர்மாவிலிருந்து திரும்பியவர்களுக்காக 1969இல் தொடங்கிய பர்மா பஜாரில் ஒருகாலத்தில் வெளிநாட்டுக் கத்தி தேடிப் போவார்கள். இப்போது நிறுவனத்தின் அங்கீகரிக்கப்பட்ட கடையிலோ இணையத்திலோ வாங்கலாம். கையில் திறந்து மூடிப் பார்த்து வாங்குவதே மேல். வில்லின் இறுக்கம் படத்தில் தெரியாது. எழுபது வயதுக்காரரின் நகத்தால் திறக்க முடியாத கத்தி எவ்வளவு உயர்ந்ததானாலும் அவருக்கு உதவாது.

கொடுத்தபின் கூர் மழுங்கினால்? தெருவில் சக்கரத்தை மிதித்துக்கொண்டு 'சாணை பிடிக்கிறது' என்று கூவி வருபவரிடம் அரிவாள்மனையும் சமையல் கத்தியும் கொடுக்கலாம். அவர் பிழைப்பு நடக்க வேண்டும் என்பது என் விருப்பம். ஆனால் மெல்லிய பேனாக்கத்தி அலகு வேகச் சக்கரத்தில் சட்டென்று சூடேறிவிடும். ஓரம் நீலம் பூத்தால் உருக்கின் பதம் போயிற்று என்று பொருள்; பிறகு கூர் நிற்காது. சின்னச் சாணைக்கல் ஒன்றைக் கத்தியோடு சேர்த்தே பரிசாகக் கொடுங்கள். தண்ணீர் தெளித்து, அலகைச் சாய்வாக ஒரே கோணத்தில் வைத்து இரு பக்கமும் மாறி மாறித் தேய்த்தால் போதும்.

யாருக்குக் கொடுப்பது என்பதில் எனக்கு உறுதியான கருத்து உண்டு. மாடித் தோட்டம் வைத்திருப்பவருக்குக் கொடுங்கள். மல்லிகைப் பதியனுக்குக் கொப்பு வெட்டவும், ஒட்டுக் கட்டவும், நார் அறுக்கவும் நாள்தோறும் எடுப்பார். நாற்றுப்பண்ணைக்காரர்கள் ஒட்டுக் கட்டப் பயன்படுத்துவதும் மடக்குக் கத்திதான். பார்சல் பிரிப்பவருக்கு, ரயிலில் அடிக்கடி போய் வருபவருக்கு, கொய்யா தின்பவருக்குக் கொடுங்கள். கோபக்காரருக்கும் குடிப்பழக்கம் உள்ளவருக்கும் கொடுக்க வேண்டாம். பிள்ளைகளுக்கு? 1917இல் அன்னி பெசன்ட் சென்னையில் இந்தியச் சிறுவர் சாரணர் சங்கத்தைத் தொடங்கினார். சாரணச் சிறுவனின் இடுப்பில் தொங்கிய கத்தி, பொறுப்பு கற்பிக்கும் பாடமாகவே கருதப்பட்டது. பிரான்சில் ஒப்பினெல் நிறுவனம் பிள்ளைகளுக்கென்றே நுனி மழுங்கிய கத்தி செய்கிறது. பெரியவர் பக்கத்தில் உட்கார்ந்து பென்சில் சீவவும் வெள்ளரி நறுக்கவும் கற்றுத்தருவதானால் பத்து வயதுப் பிள்ளைக்கு அதைத் தரலாம். பள்ளிக்கூடப் பைக்குள் மட்டும் அது ஒருபோதும் போகக் கூடாது.

வெளிநாடு போகும் பேரனுக்கு ஒரு எச்சரிக்கை. விமானத்தில் கைப்பையில் கத்தி கூடாது. செக்-இன் பெட்டிக்குள் வைத்துவிட வேண்டும். மறந்தால் மீனம்பாக்கத்துப் பாதுகாப்புச் சோதனையில் போய்விடும். 2001 செப்டம்பருக்குப் பிறகு வந்த இந்தக் கெடுபிடியால் விமான நிலையப் பரிசுக் கடைகளை நம்பியிருந்த விக்டோரினாக்ஸின் கத்தி விற்பனை ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு சரிந்தது. அலகே இல்லாத கைக்கருவி ஒன்றை உருவாக்கி வருவதாக 2024இல் அந்த நிறுவனம் அறிவித்தது. போகும் நாட்டின் சட்டத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள். இங்கிலாந்தில் தக்க காரணம் இல்லாமல் வெளியே எடுத்துப்போக அனுமதி 3 அங்குலத்துக்கு மேற்படாத, பூட்டில்லாத மடக்குக் கத்திக்கு மட்டும்தான். அந்த ஒரு காரணத்துக்காகவும் பூட்டில்லாத கத்தியே பரிசுக்கு ஏற்றது.

இவ்வளவு எழுதியபின்னும் ஒரு குறை மனத்தில் நிற்கிறது. நான் கிளாசிக் என்று சொன்ன கத்திகள் எல்லாம் இபாக்கிலும் சவோயிலும் மிகியிலும் செய்தவை. திருப்பாச்சேத்தி அரிவாளுக்கு இன்றும் பெயர் இருக்கிறது. உலையும் சம்மட்டியும் பதம் பார்க்கத் தெரிந்த கண்ணும் சிவகங்கைச் சீமையில் இருக்கின்றன. உ.வே.சா. சொன்ன மடக்கெழுத்தாணியின் வடிவத்தைப் பழைய மாதிரிகளிலிருந்து அளந்து வரைந்து, தமிழகக் கொல்லர் ஒருவரிடம் கொடுத்துச் செய்யச் சொல்ல வேண்டும். ஒரு பக்கம் காகிதமும் பழமும் நறுக்கும் சிறு அலகு, மறுபக்கம் எழுத்தாணி, பிடிக்குப் பூவரச மரம். நூல்நிலையங்களும் அருங்காட்சியகங்களும் தங்கள் விற்பனைக் கூடத்தில் வைக்கத்தக்க பொருள் அது. தமிழ் படித்து முடித்த மாணவனுக்கும் ஓய்வு பெறும் ஆசிரியருக்கும் அதைக் கொடுக்கலாம். அப்படி ஒன்று விற்பனைக்கு வந்தால் முதலில் இரண்டு வாங்குவேன். ஒன்று எனக்கு, மற்றொன்று காசு வாங்கிக்கொண்டு நண்பருக்கு.